வெர்ஷன் நம்பர் போடாத அந்த ஒரு வரி

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது.

2018-ல ஜூனியர்களுக்காக ஒரு டென்சர்ஃப்ளோ டுடோரியல் எழுதினேன். முதல் ஸ்டெப், ‘பிப் இன்ஸ்டால் டென்சர்ஃப்ளோ’. எந்த வெர்ஷன்னு போடல.

2019 செப்டம்பர் 30-ஆம் தேதி டென்சர்ஃப்ளோ 2.0 வெளிவந்தது. வெர்ஷன் சொல்லலன்னா, பிப் பொதுவா புதுசா இருக்கறதைத்தான் எடுக்கும். என் கோடு முழுக்க நம்பியிருந்த ‘பிளேஸ்ஹோல்டர்’, ‘செஷன்’ ரெண்டும் பழைய இடத்தில் இல்லை. ஒரு ஜூனியர் மெசேஜ் பண்ணினா: “அண்ணா, ஆரம்பத்துலயே எரர். எனக்கு கோடிங் வராது போல.”

தப்பு அவளோடது இல்ல, என்னோடது.

இந்தப் பிரச்சினைக்கு மருந்து அதற்கு முன்பே இருந்தது. ரூபி உலகத்தில் 2010-ல் வந்த பண்ட்லர் 1.0, எந்தெந்த வெர்ஷன் இன்ஸ்டால் ஆச்சுன்னு ஒரு லாக் ஃபைல்ல எழுதி வச்சுது. அடுத்தவர் கம்ப்யூட்டரிலும் அதே வெர்ஷன்கள்தான் இறங்கும். ஜாவாஸ்கிரிப்டில் 2016-ல் யார்னும், 2017-ல் என்பிஎம் 5-ம் அதே வழிக்கு வந்தன. செமாண்டிக் வெர்ஷனிங் விதியும் தெளிவா சொல்லுது: முதல் எண் மாறினா, பழைய கோடு உடையலாம்.

இப்போ என் டுடோரியல்ல ‘டென்சர்ஃப்ளோ==1.15’னு இருக்கு. அது மட்டும் போதாது. 1.15 பைதான் 3.7 வரைக்கும்தான் இன்ஸ்டால் ஆகும். அதனால பைதான் வெர்ஷனையும் சேர்த்தே எழுதியிருக்கேன்.

டுடோரியல் எழுதறவங்க அந்த நம்பரைப் போடுங்க. படிக்கறவங்க, முதல் எரர்லயே உங்கள சந்தேகப்படாதீங்க. முதல்ல தேதியைப் பாருங்க.