ஊட்டிக் குதிரையும் குதிரைக்காரரும்

நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தால் ஊட்டிப் பக்கம் காட்டேஜ் எடுத்துத் தங்கி, குதிரைச் சவாரி செய்துவிட்டு வருகிறார்கள். ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். இந்தப் பழக்கம் புதிதல்ல. இருநூறு வருஷத்துக் கதை.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் ஒரு பங்களா எழுந்தது. பிறகு 1822-ல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்டத் தொடங்கினார். படகர்கள் அதைக் 'கல் பங்களா' என்றார்கள். இன்றைக்கும் அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.

மலை ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். அதற்கு முன்பு குதிரை, மாட்டு வண்டி, இல்லையென்றால் பல்லக்கு. 1834-ல் சென்னையில் கப்பலிறங்கிய மெக்காலே, ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்கப் போனார். ஏறக்குறைய நானூறு மைல் பயணம், மனிதர் தோள்களின் மேல்! இதைப் படித்தபோது, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் புதுச்சேரியின் 'பூஸ் பூஸ்' வண்டிதான் ஞாபகம் வந்தது. துரை முன்னால் உட்கார்ந்து திருப்புவார். பின்னால் ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவார். இங்கே இங்கிலீஷ், அங்கே பிரெஞ்சு. சுமந்தவர் என்னவோ நம்மவர்தான்.

பிறகு கோடை வந்தால் சென்னை அரசாங்கமே ஊட்டிக்கு இடம் மாறியது. துரைமாரோடு பைல் பெட்டிகளும், பைல்களோடு குமாஸ்தாக்களும் போனார்கள். நானும் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால், அந்தக் குளிரில் மைக்கூடும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். துரைமாருக்கு மாலையில் குதிரை, குமாஸ்தாவுக்குப் பைல்.

அவர்களுடைய பெரிய பொழுதுபோக்கு ஊட்டி ஹண்ட். இங்கிலாந்தில் நரியைத் துரத்துவார்கள், இங்கே குள்ளநரி. குதிரைகள் பாய்ந்த அந்தப் புல்வெளிக்கு, 1891 முதல் 1896 வரை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்த மேய்ச்சல் வெளிகளில் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே எருமை மேய்த்தவர்கள் தோடர்கள்.

சென்னை மாகாணத்தில் ஒரு குதிரை வைத்திருந்தால் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் குதிரைக்காரர், குளிப்பாட்டி, தேய்த்து, சேணம் கட்டி, துரை சவாரி போகும்போது கூடவே ஓட வேண்டியவர். இன்னொருவர் தினமும் புல் அறுத்துக் கட்டு சுமந்து வருபவர். பல வீடுகளில் அது குதிரைக்காரரின் மனைவி. கவர்னர் பெயர் புல்வெளியில் இருக்கிறது, கலெக்டர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இந்த இருவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இன்று ஊட்டி ஏரிக்கரையில் நம் பேரப்பிள்ளையை ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாரே, அவர் அந்தத் தொழிலின் வாரிசு. சீசன் முடிந்தால் சவாரி குறையும். ஆனால் குதிரைக்குத் தீனி தினமும் போட்டாக வேண்டும். அடுத்த முறை போகிறவர்கள் குதிரையின் பெயரைக் கேட்கும்போது, அவர் பெயரையும் கேளுங்கள். முடிந்தால் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.