தொல்லை அழைப்புத் தடுப்பு (ஓசூர் வட்டாரம்)

தொல்லை அழைப்பு என்பது சந்தாதாரர் கேளாமலே கடன், காப்பீடு, வீட்டுமனை போன்றவற்றை விற்க வரும் தொலைபேசி அழைப்பு. இந்தியாவில் இதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துடையது (டிராய்). பெங்களூரை ஒட்டி மனை வணிகம் பெருகிய ஓசூரில் ‘பாகலூர் ரோட்டில் டிடிசிபி அப்ரூவ்டு பிளாட், ஒரே நிமிஷம் சார்’ என்று வருவது இதற்கு எடுத்துக்காட்டு.

வரலாறு

2005-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கை அடுத்து, 2007 ஜூனில் டிராய் முதல் விதிமுறையை வெளியிட்டு, ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டைத் தொடங்கியது. பதிவு செய்தவர்களுக்கும் அழைப்புகள் நிற்கவில்லை. 2010 டிசம்பர் 1-இல் வெளியான இரண்டாம் விதிமுறை 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. விளம்பர அழைப்புகள் ஏழாகப் பகுக்கப்பட்டன: 1. வங்கி, காப்பீடு, கடன் அட்டை, 2. வீட்டுமனை, 3. கல்வி, 4. உடல்நலம், 5. நுகர்பொருள், வாகனம், 6. தகவல் தொடர்பு, பொழுதுபோக்கு, 7. சுற்றுலா. வேண்டியதை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்க 1909 என்ற எண்ணும், விளம்பர நிறுவனங்களுக்கு 140 என்று தொடங்கும் எண்களும் தரப்பட்டன.

பதிவு செய்த நிறுவனம் விதியை மீறினால் அபராதம் 25,000 ரூபாயில் தொடங்கியது. பதிவு செய்யாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணில் அழைத்தவர் இழந்தது பெரும்பாலும் தொலைபேசி இணைப்பை மட்டுமே. ஆகவே பலர் பதிவின் பக்கமே வரவில்லை. 2018 ஜூலை 19-இல் வந்த மூன்றாம் விதிமுறை பிளாக்செயின் தொழில்நுட்பத்தைப் புகுத்தியது. அதன்படி 2021 மார்ச்சில் குறுஞ்செய்திச் சோதனை கடுமையானபோது வங்கி ஓடிபிகளே சிக்கிக்கொள்ள, நடைமுறை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

குறைபாட்டின் காரணங்கள்

டிராயின் அதிகாரம் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களைத் தாண்டிச் செல்லாது. அழைப்பவரை அது நேரடியாகத் தொட முடியாது. புகார் முதலில் அழைப்பைப் பெறுபவரின் தொலைபேசி நிறுவனத்துக்கும், அங்கிருந்து அழைப்பவரின் நிறுவனத்துக்கும் போகிறது. அழைப்பு உண்மையிலேயே வந்ததா என்பதை முன்னது பார்க்கும். விதிமீறலா என்று தீர்ப்பது பின்னது. தனக்குக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்மீது தானே தீர்ப்புச் சொல்லும் இந்த ஏற்பாடே தோல்வியின் வேர். 2018 விதிப்படி மூன்று நாளுக்குள் புகார் தர வேண்டியிருந்தது. பதிவு செய்யாதவர்மீது ஏழு நாளில் பத்துப் பேராவது புகார் செய்தால்தான் விசாரணை சூடுபிடித்தது. அதற்குள் எண் மாறிவிட்டிருக்கும்.

எல்லைச் சிக்கல்

ஓசூரை ஒட்டிய எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் மாநிலம் மட்டுமன்றித் தொலைத்தொடர்புச் சேவைப் பகுதியும் மாறுகிறது. 1909 வழியே செய்யும் விருப்பப் பதிவு சிம்மைச் சார்ந்தது, ஊரைச் சார்ந்ததல்ல. ஓசூர் சிப்காட் தொழிலாளி கையில் கர்நாடக, ஒடிசா எண்கள் இரண்டு இருந்தால் இரண்டையும் தனித்தனியே பதிய வேண்டும். பணம் பறிபோனால் அது டிராயின் வரம்பில் வராது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குத்தான் சொல்ல வேண்டும். அழைத்தவர் பெங்களூரில் இருந்தால் ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டக் காவல்துறை கர்நாடகக் காவல்துறையின் உதவியை நாட வேண்டியிருக்கிறது.

பிற நாடுகள்

அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2015 முதல் தானியங்கி அழைப்பாளர்களுக்கு விதித்த அபராதம் ஏறத்தாழ 20.8 கோடி டாலர். 2019 மார்ச் வரை வசூலானது 6,790 டாலர். அபராதத்தை வசூலிக்கும் அதிகாரம் அதற்கில்லை. நீதித்துறை அமைச்சகமே வசூலிக்க வேண்டும்.

தற்போதைய நிலை

2025 பிப்ரவரித் திருத்தம் புகார்க் கெடுவை ஏழு நாளாக்கியது. பத்து நாளில் ஐந்து புகார் போதும், ஐந்து நாளில் நடவடிக்கை வேண்டும் என்றது. வாட்ஸ்அப் அழைப்புகள் இவ்விதிகளுக்கு வெளியே உள்ளன.