சீரியலைசேஷன் (ஜாவா)

ஓடும் நிரலின் நினைவகத்தில் இருக்கும் ஆப்ஜெக்டை பைட்டுகளாக்கிக் கோப்பில் எழுதி, வேண்டும்போது மீண்டும் ஆப்ஜெக்டாக எழுப்பும் முறை. 1997 பிப்ரவரியில் வந்த ஜேடிகே 1.1 இதை ஜாவாவில் சேர்த்தது. ஜாவாவை உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ்.

யோசனை பழையது. பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் ஆய்வகத்தின் ஸ்மால்டாக் மொழி, முழு நினைவகத்தையே 'இமேஜ்' என்ற ஒரே கோப்பாக வைத்தது. மாடுலா-3 மொழிக்காரர்கள் இந்த வேலைக்கு 'பிக்கிள்' என்றே பெயரிட்டார்கள். நம் வழக்கில் ஊறுகாய். 1996இல் ஜாவாவுக்கான வடிவமைப்பை விளக்கிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் ஊறுகாய் உண்டு. ரோஜர் ரிக்ஸ், ஜிம் வால்டோ, ஆன் வோல்ராத் ஆகியோருடன் அதை எழுதியவர் சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ண பரத். பிற்பாடு கூகுள் நியூஸை உருவாக்கியவரும் அவரே.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஆப்ஜெக்டை அனுப்புவதுதான் அப்போதைய பெரிய தேவை. கோப்பில் சேமிப்பது கூடவே கிடைத்த வசதி என்றே சொல்லலாம். வகுப்பு 'சீரியலைசபிள்' என்று அறிவித்தால் போதும். ஓர் ஆப்ஜெக்டை எழுதினால் அது சுட்டும் மற்றவையும் சேர்ந்தே போகும். கடவுச்சொல் போன்றவற்றை 'டிரான்சியன்ட்' என்று குறித்து விலக்கலாம். கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் ஏசி, ஈடி, 00, 05.

கோப்பு எங்கே போகிறது என்பதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். முழுப் பாதை தராமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கப்பட்டதோ அங்கே போய் விழும், நிரல் இருக்கும் கோப்புறையில் அல்ல. '.செர்' என்ற பின்னொட்டு வெறும் வழக்கம். ஜாவா அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. வகுப்பைத் திருத்திவிட்டுப் பழைய கோப்பைத் திறந்தால், பதிப்பு எண் பொருந்தாமல் பிழை வரலாம்.

பெரிய ஆபத்து, பிறர் தந்த ஊறுகாய் ஜாடியை, அதாவது கோப்பை, திறப்பது. நச்சு பைட்டுகளைப் படிக்கும்போதே தாக்குபவரின் கட்டளை இயங்கிவிடக்கூடும் என்பதை கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் இருவரும் 2015இல் செய்து காட்டினார்கள். 2017இல் வந்த ஜாவா 9 இதைத் தடுக்க வடிகட்டிகளைத் தந்தது. மறு ஆண்டே, சன்னை 2010இல் வாங்கிய ஆரக்கிளின் ஜாவா தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெய்ன்ஹோல்ட், 1997இல் சீரியலைசேஷனைச் சேர்த்ததே பெரும் தவறு என்றார். ஆனாலும் இதை நம்பி ஓடும் பழைய நிரல்கள் ஏராளம். வசதி ஜாவாவில் இன்னும் நீக்கப்படவில்லை.