விதைநெல்லும் துலிப் கிழங்கும்

தோட்டவேலைன்னா நமக்கு ஆடி மாசம்தான். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு கேட்டே வளர்ந்தவங்க நாம. விதை போட்ட நாலாம் நாள் முளை தலையை நீட்டும், அஞ்சாம் நாள் பக்கத்து வீட்டு ஆடு அதை மேயும் :-)

குளிர் தேசத்துக் கணக்கு வேற. வசந்தகாலத்துக்கான வேலையில பாதியை அங்க முந்தின இலையுதிர்காலத்துலயே முடிச்சாகணும். உதிர்ந்த இலையைக் கூட்டி மக்க வைக்கணும். குளிர் தாங்காத டேலியா கிழங்கைத் தோண்டி வீட்டுக்குள்ள பத்திரப்படுத்தணும். பூண்டு நடணும். கடைசியா, தரை உறையறதுக்குள்ள துலிப் கிழங்கைப் புதைக்கணும்.

இந்தக் கடைசி வேலையைப் பத்திதான் இந்தப் பதிவு. பார்க்கச் சாதாரண வேலை. ஆனா இதுக்குப் பின்னாடி நானூத்தம்பது வருஷக் கதை இருக்கு. ஒரு ஊக வணிகக் கூத்து, ஒரு பஞ்சம், ஒரு பிரசவம்னு எல்லாமே வருது. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல செய்முறை. துலிப் கிழங்குன்னு சொல்றோமே தவிர, பார்க்க அது சின்ன வெங்காயம்தான். அதே மாதிரி மேல பழுப்புத் தோல், உள்ள அடுக்கடுக்கா வெள்ளைச் சதை. பதினஞ்சு சென்டிமீட்டர் ஆழம் தோண்டி, கூர்முனை மேல பார்க்கிற மாதிரி வச்சு மூடிடணும். அவ்ளோதான். நான் வேலை பார்க்கிற ஒட்டாவாவுல அக்டோபர்ல ஊரே இதைச் செய்யும். அதை அணில்கள் வேலிமேல உக்காந்து கவனமா நோட்டம் விடும். நீங்க உள்ள போன அடுத்த நிமிஷம் தோண்டி எடுத்துத் தின்னுடும். அதனால மேல கோழிக்கூண்டு வலையைப் போட்டு மூடுறாங்க. அணிலுக்கு அது சாப்பாடுங்கறதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அம்மாவுக்கு போட்டோ அனுப்பினப்ப, "ஏண்டா, நல்ல வெங்காயத்தைக் கொண்டுபோய் பனியில புதைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. "பூச்செடிம்மா, ஆறு மாசம் கழிச்சுப் பூக்கும்"னேன். "ஆறு மாசம் கழிச்சா? அதுக்குள்ள அழுகிடாது?" ரொம்ப நியாயமான கேள்வி.

அழுகாது. சொல்லப்போனா, அந்தப் பனி இல்லேன்னாதான் சிக்கல். போன கோடையிலயே அடுத்த வருஷப் பூ கிழங்குக்குள்ள சின்னதா உருவாகிடுது. ஆனா பன்னெண்டுலேர்ந்து பதினாறு வாரம் நல்ல குளிர் பட்டாதான் அது ஒழுங்கா வெளிய வரும். குளிர்ல கிழங்குக்குள்ள இருக்கிற மாவுச்சத்து மெல்ல சர்க்கரையா மாறும். அந்தத் தெம்புலதான் தண்டு நீளும், பூ மேல வரும். குளிர் பத்தலைன்னா குட்டைத் தண்டு, இல்ல பூவே கிடையாது. நம்ம ஊர்ச் சமவெளியில துலிப் இயல்பா பூக்காததுக்கு இதுதான் காரணம்.

ஆக, கிழங்கு முழுக்க மாவுச்சத்து. அது அந்தச் செடி தனக்காகக் கட்டி வச்ச சோத்து மூட்டை. அந்த மூட்டையைத் தின்னலாம், இல்லேன்னா புதைச்சு வச்சுப் பூவுக்குக் காத்திருக்கலாம். ரெண்டுல ஒண்ணுதான் முடியும். விதைநெல் கதையேதான்.

ஐரோப்பாவுல துலிப் பத்தின ஆரம்பகாலக் கதைகள்ல ஒண்ணு, அதைத் தின்ன கதை. 1562-ல ஆன்ட்வெர்ப் நகரத்துத் துணி வியாபாரி ஒருத்தருக்கு இஸ்தான்புல்லேர்ந்து துணி மூட்டைகளோட கொஞ்சம் கிழங்குகளும் வந்துச்சு. ஏதோ துருக்கி வெங்காயம்னு நினைச்சு, சிலதைத் தணல்ல சுட்டு, எண்ணெயும் வினிகரும் விட்டுச் சாப்பிட்டுட்டார். மிச்சத்தை முட்டைக்கோஸ் பாத்தியில புதைச்சார். கவனிப்பில்லாம பெரும்பாலானது செத்துப்போச்சு. தப்பிச்ச சிலதைச் செடி ஆர்வமுள்ள இன்னொரு வியாபாரி வாங்கிட்டுப் போய்ப் பூக்க வச்சார். எங்கம்மா கேட்டதைத்தான் அந்த ஆளும் யோசிச்சிருக்கார் :-)

இந்தக் கதையை எழுதி வச்சவர் கரோலஸ் க்ளூசியஸ்ங்கற தாவரவியல் அறிஞர். வியன்னாவுல பேரரசரோட தோட்டத்தைப் பார்த்துக்கிட்டவர். 1593 அக்டோபர்ல, அறுபது வயசைத் தாண்டினப்புறம், நெதர்லாந்தோட லைடன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். வரும்போது தன் சேகரிப்புல இருந்த துலிப் கிழங்குகளையும் கொண்டு வந்து அங்க நட்டார். 1594 வசந்தத்துல அது பூத்துச்சு. டச்சுக்காரங்க தங்களோட துலிப் வரலாற்றை வழக்கமா அந்த வருஷத்துலேர்ந்துதான் எண்ணுறாங்க. க்ளூசியஸ்கிட்ட காசு கொடுத்தும் கிழங்கு வாங்க முடியாம, சிலர் அவர் தோட்டத்துல புகுந்து திருடிட்டே போனாங்களாம். ஊர் முழுக்கப் பரவ அந்தத் திருட்டும் ஒரு காரணம்.

அடுத்து எல்லாருக்கும் தெரிஞ்ச துலிப் மோகம். இதைப் பங்குச்சந்தைக் கட்டுரைகள்ல ஆயிரம் தடவை படிச்சிருப்பீங்க. ஆனா இதுல தோட்டக்காரரோட காலண்டர் என்ன பண்ணுச்சுங்கறதைப் பலர் விட்டுடுறாங்க.

துலிப் கிழங்கு ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைதான் வெளிய இருக்கும். அப்பதான் கையில வாங்கலாம், எடை போடலாம். இலையுதிர்காலத்துல மண்ணுக்குள்ள போயிட்டா, அடுத்த ஜூன் வரை யாரும் தொட முடியாது. அந்த எட்டு ஒன்பது மாசமும் வியாபாரம் பண்ணணும்னா? காகிதத்துலதான் பண்ணணும். "மண்ணுக்குள்ள இருக்கிற இந்தக் கிழங்கை ஜூன்ல இந்த விலைக்கு வாங்கிக்கறேன்"னு ஒரு சீட்டு. அந்தச் சீட்டை இன்னொருத்தருக்கு விக்கலாம், அவர் இன்னொருத்தருக்கு. விக்கறவன்கிட்ட கிழங்கு கிடையாது, வாங்கறவன்கிட்ட காசு கிடையாது. டச்சுக்காரங்களே இதுக்குக் 'காத்து வியாபாரம்'னு பேர் வச்சாங்க. கோடிங் ஆரம்பிக்காத ப்ராஜெக்டுக்கு பில் போட்ட அனுபவம் இருக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது சுலபமா புரியும்.

1636 இலையுதிர்காலத்துல நட்ட கிழங்குதான் இந்தக் கூத்தோட உச்சம். சாராயக் கடைகள்ல உக்காந்து ஏலம் விட்டாங்க. திறமையான தொழிலாளி வருஷம் முழுக்க உழைச்சா சுமார் 300 கில்டர் கிடைச்ச காலத்துல, ஒரே கிழங்கு ஆயிரக்கணக்கான கில்டருக்குப் போச்சு. 1637 பிப்ரவரி ஆரம்பத்துல ஹார்லெம் நகரத்துல ஒரு ஏலத்துல கேட்க ஆளில்ல. சில நாள்ல விலை சரிஞ்சுடுச்சு. அப்ப கிழங்குகள் எங்க இருந்துச்சு? பனிக்கு அடியில, அமைதியா, மாவைச் சர்க்கரையா மாத்திக்கிட்டு இருந்துச்சு. மேல நடந்த எதுவும் அதுக்குத் தெரியாது. ஏப்ரல்ல வழக்கம்போலப் பூத்துச்சு. சண்டை ஓயத்தான் 1638 வரை ஆச்சு. ஒப்பந்த விலையில மூணரை சதவீதம் கட்டிட்டு விலகிக்கலாம்னு ஹார்லெம் நகர நிர்வாகம் முடிவு பண்ணுச்சு.

நாடே திவாலாச்சு, ஜனங்க கால்வாய்ல குதிச்சாங்கன்னு சொல்றதெல்லாம் பின்னாடி ஊதிப் பெருசாக்கினது. ஆன் கோல்ட்கார்ங்கற வரலாற்றாசிரியர் 2007-ல வெளியிட்ட புத்தகத்துல அந்தக் கால ஆவணங்களை வச்சே இதைக் காட்டியிருக்கார். விலை உயர்ந்த கிழங்கை ஒரு மாலுமி வெங்காயம்னு நினைச்சு மீனோட சேர்த்துத் தின்னுட்டான்னு சார்லஸ் மெக்கே 1841-ல எழுதின கதையும் நம்பும்படியா இல்ல. ஆனா கவனிச்சீங்களா, இங்கயும் கிழங்கைத் தின்னறதுதான் ஜோக். தெரியாதவன்தான் தின்னுவான், தெரிஞ்சவன் நடுவான். மூணு நூற்றாண்டு அப்படித்தான் சிரிச்சாங்க.

1944-ல அந்தச் சிரிப்பு நின்னுபோச்சு.

அந்த வருஷம் செப்டம்பர்ல நேச நாட்டுப் படைகள் நெதர்லாந்தோட தெற்குப் பகுதிக்குள்ள வந்துட்டாங்க. அவங்களுக்கு உதவியா, லண்டன்ல இருந்த டச்சு அரசு ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விட்டுச்சு. பதிலடியா, ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதிக்கு உணவு போறதைத் தடை பண்ணினாங்க. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் மாதிரி பெரிய நகரமெல்லாம் அங்கதான். நவம்பர்ல தடையைக் கொஞ்சம் தளர்த்தினப்ப, குளிர் முந்திக்கிச்சு. கால்வாய் உறைஞ்சு படகு நகரலை. நவம்பர் கடைசியில ஒரு ஆளுக்கான ரேஷன் ஆயிரம் கலோரிக்குக் கீழ போச்சு. பிப்ரவரியில சுமார் 580.

அந்த இலையுதிர்காலத்துல தோட்டக்காரங்க வழக்கமான வேலையைச் செய்யலை. போர்ல ஏற்றுமதி நின்னுபோய், நடாத கிழங்குகள் பண்ணைகள்ல காய்ஞ்சு குவிஞ்சு கிடந்துச்சு. அதிகாரிகள் அதையே உணவா விக்க ஏற்பாடு பண்ணினாங்க. எப்படிச் சமைக்கணும்னு குறிப்பும் கொடுத்தாங்க: தோலை உரி, ரெண்டா வெட்டு, நடுவுல இருக்கிற மஞ்சள் முளையை எடுத்துடு, அது விஷம். மிச்சத்தை வேக வச்சு மசி, இல்ல சூப் வை.

அந்த மஞ்சள் முளைங்கறது வேற எதுவும் இல்ல. வசந்தத்துல தண்டும் பூவுமா வெளிய வரவேண்டிய பகுதி. அதைத்தான் கிள்ளி எறிஞ்சாங்க. இந்தச் சமையல் குறிப்பை முதல்முறை படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சறதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அதுதான் இது. அதுக்கு மேல ஒரு வறுமை கிடையாது. அடுத்த போகம்ங்கறதையே சேர்த்துத் தின்னுட்டுதான் அன்னிக்கு ராத்திரி தூங்கணும்.

அப்படியும் சுமார் இருபதாயிரம் பேர் செத்துப்போனாங்க. டச்சுக்காரங்க அதைப் 'பசிக் குளிர்காலம்'னு சொல்றாங்க. பதின்ம வயசுல அங்க மாட்டிக்கிட்ட நடிகை ஆட்ரி ஹெப்பர்னும் துலிப் கிழங்கு தின்ன கதையைப் பின்னாடி சொல்லியிருக்கார். 1945 ஏப்ரல் 29-லேர்ந்து பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் வானத்துலேர்ந்து உணவு மூட்டை போட ஆரம்பிச்சுது. மே ஆரம்பத்துல கனடா ராணுவ லாரிகள் சாப்பாட்டோட உள்ள போச்சு. மே 5-ல அங்க இருந்த ஜெர்மன் படை, கனடாத் தளபதிகிட்ட சரணடைய ஒத்துக்கிச்சு. நெதர்லாந்தை மீட்கிற சண்டையில செத்த கனடா வீரர்கள் 7,600-க்கும் மேல.

இப்ப பிரசவக் கதை. டச்சு இளவரசி ஜூலியானா 1940-லேர்ந்தே குழந்தைகளோட ஒட்டாவாவுல அடைக்கலமா இருந்தார். 1943 ஜனவரி 19-ல அங்க சிவிக் மருத்துவமனையில மூணாவது மகள் மார்கரீட் பிறந்தார். கனடா மண்ணுல பிறந்தா கனடாக் குடியுரிமையும் ஒட்டிக்குமே, வாரிசு விவகாரத்துல சிக்கல் வருமே. அதனால பிரசவம் நடந்த இடத்தைக் கனடா அரசு தன் எல்லைக்கு வெளிய இருக்கிற இடமா அறிவிச்சுது. நாடாளுமன்றக் கோபுரத்துல அன்னிக்கு டச்சுக் கொடி பறந்துச்சு.

போர் முடிஞ்சு ஜூலியானா ஊர் திரும்பினார். அந்த வருஷமே இலையுதிர்காலத்துல ஒட்டாவாவுக்கு நன்றிக்கடனா ஒரு பார்சல் வந்துச்சு: ஒரு லட்சம் துலிப் கிழங்கு.

தேதியைப் பாருங்க. ஏப்ரல்ல அந்த நாட்டு ஜனங்க அதே பண்டத்தை மசிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த நடவுப் பருவத்துல, தின்ன அல்ல, புதைக்கறதுக்காக ஒரு லட்சம் கிழங்கை இன்னொரு நாட்டுக்கு அனுப்புறாங்க. பூங்கொத்து அனுப்பியிருக்கலாம், சிலை செஞ்சு கொடுத்திருக்கலாம். அனுப்பினது விதைநெல். "பஞ்சம் முடிஞ்சுது, எங்களால மறுபடி அடுத்த பருவத்தை நினைக்க முடியுது"ன்னு இதைவிடத் தெளிவா ஒரு நாடு சொல்ல முடியுமான்னு தெரியலை.

1946-ல ஜூலியானா இன்னும் 20,500 கிழங்கு கொடுத்து, தனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமனை வளாகத்துல நடச் சொன்னார். அதுக்கப்புறம் வருஷா வருஷம் கிழங்கு வர்றது வழக்கமாயிடுச்சு. 1953-ல, மாலாக் கார்ஷ்ங்கற புகைப்படக் கலைஞரோட யோசனையில இது ஒரு திருவிழாவாச்சு. சர்ச்சில் முறைச்சுப் பார்க்கிற அந்தப் பிரபலமான படத்தை எடுத்த யூசுப் கார்ஷோட தம்பி இவர். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒட்டோமான் சாம்ராஜ்யத்து மார்தின் ஊர்ல பிறந்த ஆர்மீனியர்கள். துலிப் கிழங்கும் அந்தப் பக்கத்துலேர்ந்துதானே ஐரோப்பாவுக்குக் கிளம்புச்சு!

இன்னிக்கும் அக்டோபர்ல நகரத் தோட்டக்காரங்க வரிசையா மண்டி போட்டு நடுவாங்க. பார்க்க ஒண்ணுமே இருக்காது. வெறும் மண், வெட்டவெளி, பல்லைக் கிட்ட வைக்கிற காத்து. மே மாசம் பூ பார்க்கக் கூட்டம் அலைமோதும். எனக்கு என்னமோ அந்த அக்டோபர் காட்சிதான் பெருசாத் தெரியுது. வயித்துக்குக் கவலையில்லாத ஜனங்களாலதான் மாவுச்சத்தை மண்ணுல புதைச்சுட்டு ஆறு மாசம் நிம்மதியாத் தூங்க முடியும். அது தோட்டவேலையில வர்ற சந்தோஷம் மட்டுமில்ல, ஒரு ஊர் நல்லா இருக்குங்கறதுக்கு அத்தாட்சி.

விதைநெல்லுல கை வைக்க வேண்டி வந்த காலத்தைப் பத்தி உங்க வீட்டுப் பெருசுங்க ஏதாவது சொல்லியிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. இந்த மாதிரிக் கதையெல்லாம் அவங்களோடயே போயிடக் கூடாது.