பொருள்வயிற் பிரிந்தோர்

தமிழில் 'பொருள்' என்றால் கையிற் பிடிக்கும் பண்டம், செல்வம், சொல்லின் அர்த்தமும் அதுவே. சங்க அகப்பாடல்களில் தலைவன் செல்வம் தேடிப் பாலை கடந்து போவதைப் 'பொருள்வயிற் பிரிவு' என்றனர். புகலிட நாடுகளில் எங்களைப் 'பொருளாதார அகதிகள்' என்று சொல்வோரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். ஆனால் இக்கட்டுரை மற்றப் பொருளைத் தேடியவர்களைப் பற்றியது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்று ஆராயும் பொருண்மையியலின் வரலாற்றைப் புரட்டினால், அதன் முக்கியமான பெயர்களிற் பல ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவர்களின் பெயர்களாக இருப்பதைக் காணலாம்.

இத்துறைக்குப் பெயர் வைத்தவர் மிஷேல் பிரெயால். இன்றைய ஜேர்மனியிலுள்ள லாண்டவ் நகரில் 1832 இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து பிரான்சுக்கு வந்தவர். 1883 இல் எழுதிய கட்டுரையொன்றில் 'செமான்ரிக்' என்ற சொல்லை உருவாக்கினார். 1897 இல் அதைப் பற்றி முழுநூலே எழுதினார். சொற்கள் தாமாகப் பிறந்து தாமாக இறக்கும் உயிர்களல்ல, பேசும் மனிதரின் மனமும் தேவையுமே அவற்றின் அர்த்தத்தை மாற்றுகின்றன என்பது அவரது வாதம்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியில் கோட்லோப் பிரேக என்ற கணிதவியலாளர் வேறொரு வாசலைத் திறந்தார். விடிவெள்ளியும் மாலைவெள்ளியும் ஒரே கோள்தான். அப்படியானால் இரண்டு பெயர்களுக்கும் ஒரே அர்த்தமா? இல்லை என்றார் அவர் 1892 இல். சுட்டப்படும் பண்டம் ஒன்று. அது எங்களுக்குத் தோன்றும் விதம் இன்னொன்று. 'விடிவெள்ளி' என்று சொல்லும்போது தமிழனுக்கு எழும் நம்பிக்கை 'மாலைவெள்ளி' என்னும்போது எழுவதில்லை. இதைப் பிரேக வெறும் மனச்சாயல் என்று ஒதுக்கியிருப்பார். எனினும் வேறுபாட்டை உணர எங்களுக்கு அந்த உதாரணம் போதும்.

இவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் அல்பிரட் ரார்ஸ்கி. 1901 இல் வோர்சோவில் பிறந்தபோது அவரது குடும்பப் பெயர் ரைற்றெல்பாவும். யூதப் பெயரோடு போலந்துப் பல்கலைக்கழகங்களில் முன்னேறுவது கடினமாயிருந்த காலம். இருபதுகளின் தொடக்க வயதில் பெயரை மாற்றிக்கொண்டார். அப்படியும் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. உயர்நிலைப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தபடியேதான் உலகப் புகழ்பெற்ற ஆய்வுகளைச் செய்தார்.

1933 இல் போலிஷ் மொழியில் வெளியான அவரது நூல், 'உண்மை' என்ற சொல்லுக்கு வரையறை தேடியது. 'மழை பெய்கிறது' என்ற வசனம் எப்போது உண்மை? மழை பெய்தால், பெய்தால் மட்டுமே. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் 'நான் இப்போது சொல்வது பொய்' என்று ஒருவர் சொன்னால் அது உண்மையா, பொய்யா? உண்மையென்றால் பொய்யாகிறது, பொய்யென்றால் உண்மையாகிறது. இந்தச் சிக்கலிலிருந்து மீள ரார்ஸ்கி கண்ட வழி, ஒரு மொழியின் வசனங்கள் உண்மையா என்பதை அந்த மொழிக்குள்ளேயே தீர்மானிக்காமல், அதைப் பற்றிப் பேசும் இன்னொரு, மேலும் வளமான மொழியில் தீர்மானிப்பதாகும். இந்த அத்திவாரத்தின்மேல் எழுந்த தர்க்க முறைகள் பின்னர் கணணித் துறைக்கும் பயன்பட்டன.

ரார்ஸ்கி பேசியது தர்க்கத்தின் செயற்கை மொழிகளைப் பற்றியே. ஆனால் அகதி விசாரணை மேசையில் இருந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நாங்கள் சொல்வது ஒரு மொழியில். அது உண்மையா என்று எழுதப்படுவது வேறொரு மொழியில். வித்தியாசம் என்னவென்றால், ரார்ஸ்கியின் மேல்மொழிக்குள் கீழ்மொழி முழுவதும் அடங்கியிருக்க வேண்டும். விசாரணை மொழிக்குள் எங்கள் மொழி அடங்கியிருப்பதில்லை.

1939 ஆகஸ்ட்டில் ஹாவார்ட்டில் நடக்கவிருந்த மாநாடொன்றுக்காக ரார்ஸ்கி கப்பலேறினார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வோர்சோவில். செப்ரெம்பர் 1 ஆம் திகதி ஜேர்மன் படைகள் போலந்துக்குள் புகுந்தன. சில வாரங்களுக்கென்று வந்தவர் திரும்ப முடியாதவரானார். அடுத்த மூன்று ஆண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தற்காலிக வேலைகள். 1942 இல்தான் பெர்க்லியில் ஓர் இடம். மனைவி பிள்ளைகளை மீண்டும் கண்டது 1946 இல். பெற்றோரும் சகோதரனும் போருக்குத் தப்பவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தைப் பிரிந்திருப்பது எப்படியென்று இந்தப் பக்கங்களை வாசிப்போருக்கு விளக்கத் தேவையில்லை.

பொருண்மையியலைக் கணணிக்குள் கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவர் யெகோசுவா பார்-ஹிலெல். 1915 இல் வியன்னாவில் பிறந்து, 1933 இல் பாலஸ்தீனத்துக்குப் போனவர். 1951 இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திர மொழிபெயர்ப்பை ஆராயத் தொடங்கினார். 1954 ஜனவரியில் நியூயோர்க்கில் ஒரு கணணி 250 சொற்களையும் ஆறு இலக்கண விதிகளையும் வைத்து அறுபதுக்கு மேற்பட்ட ருஷ்ய வசனங்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டியது. சில ஆண்டுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். 1960 இல் பார்-ஹிலெல் அதை மறுத்தார். ஆங்கிலத்தில் 'பென்' என்றால் பேனா; சிறுபிள்ளைகளை விளையாடவிடும் அடைப்பும் அதே சொல்தான். பெட்டி 'பென்'னுக்குள் இருந்தது என்றால், பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவு இருப்பவருக்கே சரியான அர்த்தம் பிடிபடும். அகராதியும் இலக்கணமும் மட்டும் அதற்குப் போதா. 1966 இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்றின் அறிக்கைக்குப் பின் இவ்வாய்வுகளுக்கான பணம் பெரிதும் வற்றியது.

என்னோடு சமையலறையில் நின்ற மூத்தவர் ஒருவர் தன் விசாரணையைப் பற்றிச் சொல்வார். ஆமியின் சுற்றிவளைப்பில் 'தலையாட்டி' தன்னைக் காட்டிக்கொடுத்ததாக அவர் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தமிழர்தான், ஆனால் வேறு ஊர்த் தமிழர். அவருக்குத் தலையாட்டி என்றால் தஞ்சாவூர்ப் பொம்மை. மிஞ்சினால் எதற்கும் ஆமாம் போடுபவர். முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் வருவோரைப் பார்த்து ஒரு தலையசைப்பால் ஆளை அனுப்பிவிடும் மனிதன் அந்த அகராதியில் இல்லை. எழுதப்பட்ட அறிக்கையில், எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும் ஒருவரால் அவர் கைதானார் என்று இருந்ததாம். பார்-ஹிலெலின் 'பென்' சிரிக்கவைக்கும் உதாரணம். எங்கள் 'தலையாட்டி'யின் மேல் ஒரு மனிதரின் வழக்குத் தொங்கியது.

இன்றைய கணணிகள் வேறு வழியில் போகின்றன. சிறுவயதில் உக்ரேனின் பால்ராவிலிருந்து அமெரிக்கா சென்ற செலிக் ஹரிஸ், ஒரு சொல் எந்தச் சொற்களின் அயலில் வருகிறதோ அதை வைத்து அதன் அர்த்தத்தை அணுகலாம் என்று 1954 இல் காட்டினார். 2013 அளவில் இக்கருத்துச் சொற்களை எண்களின் வரிசைகளாக்கும் நுட்பமாயிற்று. 2017 இன் பின் வந்த முறைகள் முழு வசனத்தின் சூழலையும் கணக்கிலெடுத்தன. இப்போது அலுவலகக் கடிதங்களைத் தொலைபேசியிற் படம்பிடித்துத் தமிழில் வாசிக்கிறோம்.

இயந்திரம் உண்மையில் விளங்கிக்கொள்கிறதா? 1980 இல் தத்துவவியலாளர் ஜோன் சேர்ல் ஓர் அறையைக் கற்பனை செய்யச் சொன்னார். உள்ளே இருப்பவருக்குச் சீனமொழி தெரியாது. ஆனால் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துத் துண்டுகளுக்குச் சரியான சீன விடைகளை வெளியே அனுப்புகிறார். அவருக்குச் சீனம் தெரியும் என்போமா? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில் ஓடர் துண்டுகளை எழுத்தின் வடிவம் பார்த்தே பிரித்தேன். ஆனால் அங்கே உப்புக் கூடினால் கோப்பை திரும்பி வந்தது. சூடான சட்டி கையைச் சுட்டது. அந்தச் சொற்கள் எனக்கு அப்படித்தான் விளங்கின. பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் விட்டு வந்தவனின் பதில் இவ்வளவே: அர்த்தத்தில் ஒரு பகுதி அயற்சொற்களில் இருக்கிறது, மறுபகுதி பட்டதில் இருக்கிறது.

இதில் எங்களுக்கொரு வேலை உண்டு. எழுதப்பட்டவற்றிலிருந்தே இயந்திரம் கற்கிறது. தலையாட்டி, சுற்றிவளைப்பு, பங்கர், பெடியள் என்ற சொற்களை நாங்கள் பேசியது அதிகம், அவை நடந்த சூழலோடு எழுதியது குறைவு. எழுதாவிட்டால் நாளை எங்கள் பேரப்பிள்ளைகள் 'தலையாட்டி' என்றால் என்னவென்று கேட்கும்போது, இயந்திரம் தஞ்சாவூர்ப் பொம்மையைத்தான் காட்டும். அது பொய்யுமல்ல. ஆகவே அந்தச் சுற்றிவளைப்பில் நின்றவர்கள், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் நின்றார்கள் என்று விபரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.