கையொப்பமும் கதவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடக வரலாற்றில் ஒரு கதவு சாத்தப்பட்ட ஓசை இன்றும் பேசப்படுகிறது. நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் இயற்றிய 'பொம்மை வீடு' 1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகன் அரச அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு நோரா வெளியேறுவதோடு நாடகம் முடிகிறது. அக்கதவைப் பற்றிப் பேசும் நாம், அதைத் திறந்துவிட்ட ஒரு கையொப்பத்தை மறந்துவிடுகிறோம்.

நோய்வாய்ப்பட்ட கணவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்று உயிர் காக்க நோராவுக்குப் பணம் வேண்டியிருந்தது. கணவனின் இசைவின்றி மனைவி கடன் பெற இயலாத காலம் அது. எனவே தந்தையின் கையொப்பத்தைத் தானே இட்டுக் கடன் பெற்றாள். நார்வேயில் 1863இல் இயற்றப்பட்ட சட்டம் இருபத்தைந்து வயது நிரம்பிய மணமாகாத பெண்ணுக்கு முழு உரிமை அளித்தது. மணந்தவளோ கணவனின் காப்பில் சிறுமியைப் போலவே வைக்கப்பட்டாள். கடன் பெறத் தகுதியற்றவள் என ஒதுக்கிய அதே சட்டம், குற்றக் கூண்டில் நிறுத்தும்போது மட்டும் அவளை முழு மனிதப்பிறவியாக ஏற்றது!

உண்மை வெளிப்பட்டபோது கணவன் தன் மானத்தையே எண்ணிச் சீறினான். கடன் பத்திரம் திரும்பி வந்து ஆபத்து நீங்கியதும் மன்னித்தேன் என்றான். அச்சினம் அல்ல, அம்மன்னிப்பே நோராவின் கண்களைத் திறந்தது. மனைவி, தாய் என்பவற்றுக்கு முன்னே தான் ஒரு மனிதப்பிறவி என்பதை அவள் உணர்ந்தாள்.

இக்கதைக்கு ஊற்றாய் அமைந்தது லாரா கீலர் என்னும் எழுத்தாளரின் வாழ்வு. இப்சனுக்கு அறிமுகமான இளம்பெண் அவர். காசநோயுற்ற கணவருக்காக மறைவாகக் கடன் பெற்றார். கடன் அடைக்க வழி தேடித் தம் கையெழுத்துப்படியை 1878இல் இப்சனுக்கு அனுப்பிப் பதிப்பாளரிடம் பரிந்துரைக்க வேண்டினார், இப்சன் மறுத்துவிட்டார். பொய்ப் பத்திரம் எழுதி அகப்பட்ட லாராவைக் கணவர் குழந்தைகளிடமிருந்து பிரித்தார். மனநல விடுதியிலும் அவர் வைக்கப்பட்டார். பின்னர்க் குழந்தைகளுக்காகவே அவ்வீட்டுக்குத் திரும்பினார். மேடையில் நோரா வெளியேறினாள்; வாழ்வில் லாரா உள்ளே சென்றார். நோராவே லாரா என்னும் ஊர்ப்பேச்சும் அவரை நெடுங்காலம் வருத்தியது.

மேடையிலும் அக்கதவு எளிதில் திறக்கவில்லை. 1880இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன் ராபே, குழந்தைகளை விட்டுச் செல்லும் காட்சியில் நடிக்க மறுத்தார். தம் படைப்புக்கு அங்கே பதிப்புரிமைக் காப்பு இல்லாத நிலையில், பிறர் கை வைப்பதற்கு முன் இப்சனே வேறு முடிவு எழுதித் தந்தார். அதில் நோரா குழந்தைகளின் அறை வாயிலில் தளர்ந்து வீழ்ந்து, வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அம்மாற்றம் நாடகத்துக்கு இழைத்த வன்முறை என்று அவரே கடிந்தார்.

நார்வேயில் 1884இல் பெண்ணுரிமைச் சங்கம் தோன்றியது. 1888இல் மணமான பெண்ணுக்கும் சட்டம் முழு உரிமை வழங்கியது. நோராவின் பொய்க் கையொப்பம் மேடையேறிய பின் ஒன்பது ஆண்டுகள் கழித்தே, மனைவியர் தம் சொந்தப் பெயரைக் கையொப்பமாக இட முடிந்தது. 1898இல் பெண்கள் அமைப்பொன்று அளித்த விருந்தில் பேசிய இப்சன், தாம் பெண்ணுரிமைக்கென முனைந்து எழுதியவர் அல்லர் என்றும், மனிதரை வரைவதே தம் பணி என்றும் கூறினார். அடக்கமான சொல்தான்; ஆயினும் வரையப்பட்ட அந்த மனிதருள் ஒருவர் அப்போது உயிரோடிருந்தார்.

பிறர் துயரைப் பாடுபொருளாக்கும் நமக்கு இவ்வரலாறு ஒரு வினாவை விட்டுச் செல்கிறது. நோராவுக்கு உலகப் புகழ் கிடைத்தது. லாரா வேண்டியதோ ஒரு பரிந்துரைக் கடிதம் மட்டுமே. கவிதைக்குக் கருவாய் அமைந்தவரின் கடனில் நம் பங்கு எவ்வளவு?