பதுளை மலைகளில் கடைசல் வேலை

1872-இல் வில்லியம் ஜாக்சன் அசாமில் தேயிலை உருட்டும் இயந்திரத்தை அமைத்தார். அவ்வகை இயந்திரங்கள் பதுளை அடங்கிய இலங்கையின் ஊவா மலைகளுக்கும் வந்தன. 1890-இல் தேயிலை வணிகர் லிப்டன் ஹப்புத்தளையில் தம்பத்தென்னை தொழிற்சாலையைக் கட்டினார். பதுளைக்கு ரயில் வந்தது 1924-இல்தான்.

பறித்த கொழுந்து காத்திருக்காது. இயந்திரத் தண்டு தேய்ந்தாலோ பல்சக்கரம் உடைந்தாலோ கொழும்பை நம்பி இருக்க முடியாது. ஆகவே பழுதுபார்ப்புக்குப் பட்டறையும் லேத் என்னும் கடைசல் இயந்திரமும் தேவைப்பட்டன. இயந்திரப் பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் பிட்டர் வேலை, பார்த்தும் செய்தும் பழகிய வேலை. அளவு கைவிரலிலும் காலிப்பரிலும் இருந்தது. ஏட்டில் ஏறாத அந்த அறிவு, ஆளோடு போய்விடக்கூடியது.

கையில் இருந்த அத்தகைய அறிவை எண்ணாக்கும் வழி வேறிடத்தில் பிறந்தது: 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடாவால் இயங்கும் மில்லிங் இயந்திரம் காட்டப்பட்டது. கைப்பிடியின் அசைவு அங்கே எண்ணானது. கணினி எண்களால் இயந்திரத்தை ஓட்டும் இன்றைய சி.என்.சி. பாடமும் அதிலிருந்தே தொடங்குகிறது. லேத்தில் இசட் அச்சு தண்டின் நீளவாக்கில் ஓடும், எக்ஸ் குறுக்கே. எக்ஸ் மதிப்பைப் பெரும்பாலும் விட்டமாகவே எழுதுவர். ஆரமென்று நினைப்பவரின் தண்டு வீணாகும். நிரலின் கட்டளைகளில் எம்03 சுழலியை ஓட்டும், ஜி00 வெட்டாமல் விரைந்து நகர்த்தும், ஜி01 குறித்த வேகத்தில் நேர்கோட்டில் வெட்டும். புதியவர் அஞ்ச வேண்டியது ஜி00-க்குத்தான்: தவறான எண் கொடுத்தால் உளி நேரே தண்டைப் பிடித்திருக்கும் சக்கில் மோதும்.

இலங்கையில் பழகுநர் பயிற்சிக்கு 1971-இல் தனிச்சட்டம் வந்தது. ஆயினும் பட்டறையில் பழகிய கை இன்றும் தேவை: கையால் லேத் ஓட்டத் தெரிந்தவருக்கே நிரல் எழுதுவது எளிதாகிறது. வெட்டும் வேகத்தையும் ஆழத்தையும் கணினி தானாகத் தீர்மானிப்பதில்லை.